செயல்மிகு விண்மீன்மண்டலங்களின் காற்று: எக்ஸ் கதிர் ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மையக் கருந்துளையில் வாயு விழுவதால் மிகுந்த ஒளி வீசும் விண்மீன்மண்டலங்களின் (இவையே செயல்மிகு விண்மீன்மண்டலங்கள்) மையத்திலிருந்து ஒளிவேகத்தின் கால்பங்கில் வாயு ஒரு காற்றாக, நம் திசையிலும், பாய்ந்து வெளியேறுகிறது என்று சொன்னவுடன், கேட்பவர்களிடம் பெரும்பாலும் அதே சில ஐயங்கள்தாம் எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன. பின்னால் வருபவை முன்னால் விளக்கியதை அடிப்படையாகக் கொண்டு மேலே செல்கின்றன. எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் பிடிஎஸ் 456 என்னும் குவேசாரையே (மிக அதிகமாக ஒளிரும் செயல்மிகு விண்மீன்மண்டல மையம்) எடுத்துக்கொண்டிருக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப ஆராயப்பட்டு வருவதால், இந்தத் துறையில் எது உறுதியானது, எது இன்னும் கணிப்பு மட்டுமே என்பதை அதை வைத்துத் தெளிவாகக் காட்ட முடியும்.

கருந்துளை எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்கிறார்கள். அதிலிருந்து காற்று எப்படி வெளியே வரும்?

கருந்துளைக்குள் இருந்து எதுவும் வருவதில்லை. திரும்பி வர முடியாத எல்லை ஒன்று உண்டு. இந்தக் காற்று முழுவதும் அந்த எல்லைக்கு வெளியே, கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வாயு வட்டிலிருந்து கிளம்புகிறது. வட்டில் இருக்கும் வாயு உராய்ந்து சூடேறி, தன் ஈர்ப்பு ஆற்றலை ஒளியாக வெளியிட்டபடியே மெல்ல உள்நோக்கி இறங்குகிறது. அந்த வாயுவின் ஒரு பகுதி, ஈர்ப்பை மீறிச் செல்வதற்குத் தேவையான வேகத்தைப் பெற்றுவிட்டால், உள்ளே விழாமல் வெளியே பாய்ந்துவிடும்.

ஒளி மிகுந்த செயல்மிகு விண்மீன்மண்டலங்களில் இது நிகழ்வதற்கு வாய்ப்பு அதிகம். சர்ப்ப விண்மீன்குழுவின் திசையில் உள்ள பிடிஎஸ் 456, சூரியனைப் போல் 20 லட்சம் கோடி மடங்குக்கும் மேல் ஒளி வீசுகிறது. நமக்கு ஓரளவு அருகில் உள்ள குவேசார்களில் இதைவிட ஒளிர்வு மிக்கது வேறில்லை. பால்வழித் தூசிக்குப் பின்னால் இருப்பதால், பிரேசில் வானியலாளர்களின் கணக்கெடுப்பு ஒன்றில் 1997-ல்தான் அது அடையாளம் காணப்பட்டது. அதன் மையக் கருந்துளையின் நிறைக்கு ஏறக்குறைய 50 கோடி சூரிய நிறையிலிருந்து 100 கோடிக்கும் மேல் வரை வெவ்வேறு மதிப்பீடுகள் உண்டு. எந்த மதிப்பீட்டை எடுத்துக்கொண்டாலும், ஒளியின் அழுத்தமும் கருந்துளையின் ஈர்ப்பும் சமமாகும் எடிங்டன் வரம்பை ஒட்டியே அது ஒளிர்கிறது.

அந்தக் காற்று நம்மை நோக்கி வருகிறது என்றீர்கள். பூமிக்கு ஆபத்து உண்டா?

இல்லை. பிடிஎஸ் 456 நம்மிடமிருந்து 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது. வெளியேறும் வாயு தன் சொந்த விண்மீன்மண்டலத்தின் வாயுவில் மோதி வேகம் குறையும், பரவி நீர்த்துப்போகும். நம்மை வந்தடைவது ஒளி மட்டுமே.

இதை எக்ஸ் கதிரில்தான் பார்க்க வேண்டுமா? பெரிய தொலைநோக்கிகள் தரையிலேயே இருக்கின்றனவே?

வேகம் குறைந்த, வெப்பம் குறைந்த காற்றுகளைக் கண்ணுறு ஒளியிலும் புறஊதாவிலும் பார்க்கலாம்; பல குவேசார்களின் புறஊதா நிறமாலையில் (ஒளியை ஆற்றல்வாரியாகப் பிரித்த பதிவில்) வாயு ஒளியை விழுங்கிய அகன்ற உட்கவர் பட்டைகள் தெரிகின்றன. ஆனால் வட்டின் உட்பகுதியிலிருந்து கிளம்பும் காற்று கடுமையான கதிர்வீச்சில் நனைந்துகொண்டிருக்கிறது. அங்கே ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் அணுக்கள் தம் எலக்ட்ரான்கள் அனைத்தையும் இழந்துவிடுகின்றன. எலக்ட்ரானே இல்லாத அணுக்கரு, நிறமாலையில் கோடு எதையும் பதிக்காது.

இரும்பு மட்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. அதன் 26 எலக்ட்ரான்களில் 24 அல்லது 25 போன பிறகும், கருவுக்கு மிக நெருக்கமான கடைசி ஒன்றிரண்டு எஞ்சி நிற்கின்றன. இரண்டு எலக்ட்ரான் எஞ்சிய இரும்பு 6.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (எக்ஸ் கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலிலும், ஒன்று எஞ்சிய இரும்பு 6.97-லும் எக்ஸ் கதிரை உட்கவர்கின்றன. இந்த இரண்டு கோடுகள்தாம் ஏறத்தாழ முழுக் கதைக்கும் சாட்சி. எக்ஸ் கதிர் பூமியின் வளிமண்டலத்தைக் கடந்து வராது. ஆகவே செயற்கைக்கோள் தேவைப்படுகிறது.

படத்தில் ஒரு புள்ளிதான் தெரிகிறது. அதை வைத்து வேகத்தை எப்படிச் சொல்கிறார்கள்?

படத்தை வைத்து அல்ல, நிறமாலையை வைத்து. விளக்குக்கு முன்னால் எழும் சாம்பிராணிப் புகை, தான் மறைக்கும் வெளிச்சத்தாலேயே தன்னைக் காட்டிக்கொடுப்பது போல, இந்தக் காற்றும் தனக்குப் பின்னால் உள்ள எக்ஸ் கதிரில் எந்த ஆற்றலை மறைக்கிறது என்பதைக் கொண்டே தெரியவருகிறது. அந்த மறைப்பு எந்த இடத்தில் விழுகிறது என்பது டாப்ளர் விளைவைப் பொறுத்தது: வாயு நம்மை நோக்கி வந்தால் உட்கவர் கோடு அதிக ஆற்றலின் பக்கம் நகரும்.

பிடிஎஸ் 456-க்குக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நம் கருவியில் அந்த உட்கவர் கோடு 7.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகில் விழுகிறது. அண்டம் விரிவதால் ஒளியின் ஆற்றல் குறைந்து தெரியும் செம்பெயர்ச்சி இந்தக் குவேசாருக்கு 0.184, எனவே 7.6-ஐ 1.184-ஆல் பெருக்கினால், அந்தக் குவேசாரில் இருந்து பார்ப்பவருக்கு அது சுமார் 9 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் தெரியும் என்று ஆகிறது. ஒரே எலக்ட்ரான் எஞ்சிய இரும்பு, ஓய்வில் இருக்கும்போது 6.97-ல் உட்கவர வேண்டும். 6.97 எப்படி 9 ஆயிற்று? சார்பியல் டாப்ளர் சூத்திரத்தில் இட்டால், ஒளிவேகத்தின் நான்கில் ஒரு பங்கு, அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 75,000 கிலோமீட்டர் என்ற விடை வருகிறது. எந்த அயனியின் (எலக்ட்ரான் இழந்த அணுவின்) கோடு என்று அடையாளம் காண்பது சரியாக இருந்தால், வேகமும் சரியாக இருக்கும். இந்தத் துறையில் மிக உறுதியாக அளக்கப்படுவது இதுதான்.

எல்லாச் செயல்மிகு விண்மீன்மண்டலங்களிலும் இந்தக் காற்று வீசுகிறதா?

இரண்டு வகைக் காற்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். விநாடிக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மிதமான காற்றுக்கு இளஞ்சூட்டு உட்கவர் வாயு என்று பெயர். எம்ஆர் 2251-178 என்னும் குவேசாரில், ஐன்ஸ்டைன் எக்ஸ் கதிர் ஆய்வகத்தின் தரவைக் கொண்டு 1984-ல் இது முதலில் அறியப்பட்டது. நமக்கு அருகிலுள்ள, மையம் மறைக்கப்படாத செயல்மிகு விண்மீன்மண்டலங்களில் பாதியளவிலாவது இது காணப்படுகிறது. 1999-ல் ஏவப்பட்ட சந்திரா எக்ஸ் கதிர் செயற்கைக்கோள், என்ஜிசி 3783 என்னும் மண்டலத்தை 2000, 2001 ஆண்டுகளில் மிக நீண்ட நேரம் நோக்கிப் பதிவு செய்த நிறமாலை, இத்தகைய வாயுவுக்கு இன்றும் முன்மாதிரியாகக் காட்டப்படுகிறது.

இரண்டாவது வகை, விநாடிக்கு 10,000 கிலோமீட்டரைத் தாண்டும் அதிவேகக் காற்று. 2002, 2003 ஆண்டுகளில் ஏபிஎம் 08279+5255, பிஜி 1211+143, பிடிஎஸ் 456 ஆகிய மூன்று குவேசார்களிலும் இது அடுத்தடுத்து அறிவிக்கப்பட்டது. பிறகு 2010-ல் ஃப்ரான்செஸ்கோ டொம்பேசியும் அவருடைய குழுவினரும், எக்ஸ்எம்எம்-நியூட்டன் செயற்கைக்கோள் நோக்கிய 42 மண்டலங்களை ஒரே முறையில் ஆராய்ந்து, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் அதிவேகக் காற்றின் தடயத்தைக் கண்டார்கள். காற்று நம் பார்வைக் கோட்டைக் கடக்கும்போது மட்டுமே தெரியும் என்பதால், உண்மையில் அது இன்னும் பரவலாக இருக்கக்கூடும்.

ஜெட் என்று சொல்வதும் இதுவும் ஒன்றா?

அல்ல. ஜெட் என்பது வட்டின் அச்சை ஒட்டி, மிகக் குறுகிய கற்றையாக, ஒளிவேகத்தை நெருங்கிப் பாயும் தாரை. ரேடியோ அலையில் நன்றாகத் தெரியும். காற்று அகன்று விரிவது, அதைவிட மெதுவானது, அதிகப் பொருளைச் சுமந்து செல்வது. பிடிஎஸ் 456 ரேடியோவில் மிக அடங்கியது. அங்கே சக்தி வாய்ந்த ஜெட் இல்லை.

ஒரே ஒரு கோடு, அதுவும் மங்கலாக. அது வெறும் இரைச்சல் இல்லை என்று எப்படி நம்புவது?

இது நியாயமான கேள்வி, துறைக்குள்ளேயே கடுமையாக விவாதிக்கப்பட்டதும் கூட. கோடு எந்த ஆற்றலில் வரும் என்று முன்கூட்டியே தெரியாத நிலையில், நிறமாலை முழுவதும் தேடினால், எங்காவது ஓரிடத்தில் தற்செயலான பள்ளம் ஒன்று அகப்படத்தான் செய்யும். சைமன் வானும் ஃபில் அட்லியும் 2008-ல் அதுவரை வெளியான அறிவிப்புகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நல்ல தரமான தரவு வரும் இடத்திலெல்லாம் கோட்டின் ஆழம் குறைந்துகொண்டே போவதைக் காட்டினார்கள். தற்செயல் பள்ளங்கள் அப்படித்தான் நடந்துகொள்ளும். அந்த எச்சரிக்கைக்குப் பின்னரே, போலித் தரவை ஆயிரக்கணக்கில் கணினியில் உருவாக்கித் தற்செயலின் வாய்ப்பை எண்ணிப் பார்ப்பது வழக்கமாயிற்று. முன்பு சொன்ன 2010 ஆய்வு அந்த முறையைப் பின்பற்றியது.

கோடு உண்மையே என்றாலும் காற்றுதானா என்ற இன்னொரு எதிர்வாதம் உண்டு. லூயிஜி காலோவும் ஆண்ட்ரூ ஃபேபியனும் 2011-ல், வட்டின் மேற்பரப்பில் சுழலும் வாயுவே இத்தகைய கோட்டைத் தரக்கூடும் என்றார்கள்; வட்டின் ஒரு பக்கம் நம்மை நோக்கி மிக வேகமாக வருகிறதல்லவா! இதற்குப் பிடிஎஸ் 456-ல் கிடைத்த பதில் என்னை மிகவும் ஈர்த்தது. 2013, 2014 ஆண்டுகளில் எக்ஸ்எம்எம்-நியூட்டனும் நியூஸ்டார் என்னும் எக்ஸ் கதிர் செயற்கைக்கோளும் ஒரே நேரத்தில் அதை நோக்கியபோது, உட்கவர் பள்ளத்தை ஒட்டிக் குறைந்த ஆற்றல் பக்கத்தில் அகன்ற ஒளிமேடும் தெரிந்தது. பார்வைக் கோட்டில் உள்ள வாயு ஒளியை உட்கவர்கிறது. பக்கவாட்டில் விரிந்து செல்லும் வாயு ஒளியை நம் பக்கம் சிதறடிக்கிறது. எல்லாத் திசைகளிலும் அகன்று விரியும் காற்றுக்கே உரிய வடிவம் அது. பி சிக்னி என்னும் விண்மீனில் நெடுங்காலமாக அறியப்பட்டதும் இதே வடிவம்தான். எமானுவேலே நார்தினியின் தலைமையில் 2015-ல் அது வெளியானது முதல், இந்த ஒரு குவேசாரைப் பொறுத்தவரையிலாவது காற்றை மறுப்பது கடினம்.

அந்தக் கோடு நம் பால்வழியின் வாயுவிலிருந்தே வந்திருக்கக் கூடாதா?

கேட்டவர் கூர்மையாகக் கவனித்திருக்கிறார். பிடிஎஸ் 456 அண்ட விரிவால் நம்மை விட்டு விலகும் வேகமும், காற்று நம்மை நோக்கி வருவதாகத் தொடக்கத்தில் கணக்கிட்ட வேகமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. பிஜி 1211+143-க்கும் அப்படியே. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்தால், வாயு நமக்கு அருகில் அசையாமல் நிற்கிறது என்று பொருள் கொள்ளலாம். இந்த ஐயம் 2004-ல் ஆய்வுக் கட்டுரையாகவே எழுப்பப்பட்டது.

இன்று அது நிற்கவில்லை. பால்வழியைச் சூழ்ந்த பரந்த வாயு சில நாட்களில் மாறிவிட முடியாது. பிடிஎஸ் 456-ன் கோடோ நாட்கணக்கில் ஆழம் மாறுகிறது. அதற்கு மேல், அந்தக் குவேசார் பிரகாசமாக இருக்கும்போது காற்றின் வேகமும் கூடுகிறது என்பது 2017-ல் காட்டப்பட்டது. அதே ஆண்டு, ஐராஸ் 13224-3809 என்னும் மண்டலத்தில், எக்ஸ் கதிர் ஒளி கூடும்போது உட்கவர் கோடு மணிக்கணக்கில் மங்கிப் போவதை மைக்கேல் பார்க்கரின் குழு கண்டறிந்தது. குவேசாரின் ஒளிக்கு உடனுக்குடன் பதில் சொல்லும் வாயு, குவேசாரின் அருகில்தான் இருக்க முடியும்.

எக்ஸ்ரிசம் செயற்கைக்கோள் இதில் புதிதாக என்ன காட்டியது?

ஜப்பான், அமெரிக்க, ஐரோப்பிய விண்வெளி முகமைகளின் கூட்டு முயற்சியான எக்ஸ்ரிசம், 2023 செப்டம்பரில் தனேகஷிமாவிலிருந்து ஏவப்பட்டது. அதன் ரிசால்வ் என்னும் கருவி, தனிச்சுழிக்கு மேல் 0.05 கெல்வின் வரை குளிரூட்டப்பட்ட 36 சிறு உணரிகளைக் கொண்டது. ஓர் எக்ஸ் கதிர்த் துகள் விழும்போது உணரி எவ்வளவு சூடேறுகிறது என்பதை அளந்தே அதன் ஆற்றலைக் கணிக்கிறது. முந்தைய கருவிகளில் ஆற்றல் அளவீட்டின் நுட்பம் சுமார் 150 எலக்ட்ரான் வோல்ட். இதில் சுமார் 5. பிடிஎஸ் 456-ன் கோடு விழும் இடத்தில், முன்பு விநாடிக்கு 6,000 கிலோமீட்டர் வேறுபாட்டைத்தான் பிரித்தறிய முடிந்தது. இப்போது 200 கிலோமீட்டர் வேறுபாடும் தெரிகிறது.

2024 மார்ச்சில் பிடிஎஸ் 456-ஐ நோக்கியபோது, அதுவரை ஒரே அகன்ற பள்ளமாகத் தெரிந்தது ஐந்து தனித்தனி வேகக் கூறுகளாகப் பிரிந்தது. எல்லாம் ஒளிவேகத்தின் 20 முதல் 30 சதவீதத்துக்குள் இருந்தன. சீராக விரியும் மெல்லிய போர்வை என்று கணினி மாதிரிகளில் எண்ணப்பட்ட காற்று, உண்மையில் அடர்ந்த திரள்களாகச் சிதறி ஓடுகிறது என்று 2025-ல் வெளியான முடிவு கூறியது. அத்தகைய திரள்கள் பத்து லட்சம் வரை இருக்கக்கூடும் என்பது அவர்களின் மதிப்பீடு.

எக்ஸ்ரிசத்தின் மூடி திறக்கவில்லை என்று படித்தேன். அப்படியானால் முடிவுகளை நம்பலாமா?

நம்பலாம். ரிசால்வ் கருவிக்கு முன்னால் உள்ள பாதுகாப்பு வாயில் திறக்கவில்லை என்பது உண்மை. அதில் பொருத்தியுள்ள பெரிலியச் சாளரம், சுமார் 1.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழ்ப்பட்ட மென்மையான எக்ஸ் கதிரைத் தடுத்துவிடுகிறது. இரும்பின் கோடுகள் விழும் 6 முதல் 9 வரையிலான பகுதியில் இழப்பு சிறியது. இளஞ்சூட்டு உட்கவர் வாயுவை ஆராய்பவர்களுக்கே அது பெரிய குறை.

இவ்வளவு வேகத்தை அந்த வாயுவுக்கு எது கொடுக்கிறது?

இரண்டு விடைகள் போட்டியில் உள்ளன. ஒளியின் அழுத்தம் என்பது ஒன்று. எடிங்டன் வரம்பை ஒட்டி ஒளிரும் பிடிஎஸ் 456-க்கு இது பொருந்துகிறது. ஒளி கூடினால் வேகம் கூடுகிறது என்று மேலே சொன்னதும் இதற்கு ஆதரவு. ஆனால் ஒரு முட்டுக்கட்டை உண்டு: ஒளி வாயுவை நன்றாகத் தள்ளுவது நிறமாலைக் கோடுகள் வழியாகத்தான். எலக்ட்ரான்கள் பெரும்பாலும் போய்விட்ட வாயுவில் கோடுகள் அரிது. ஆகவே தள்ளும் பிடியும் தளர்ந்துவிடுகிறது. நாம் பார்க்காத, அவ்வளவு அயனியாகாத திரள்களுக்குள் முடுக்கம் நடந்திருக்கலாம் என்று சொல்வோர் உண்டு.

மற்றொன்று காந்தப்புலம். என்ஜிசி 3783-ஐ எக்ஸ்ரிசமும் வேறு பல செயற்கைக்கோள்களும் 2024 ஜூலையில் சேர்ந்து நோக்கியபோது, எக்ஸ் கதிர் வெடிப்பு ஒன்று அடங்கும் தறுவாயில், விநாடிக்குச் சுமார் 57,000 கிலோமீட்டர் வேகத்தில் புதிய காற்று கிளம்பியது. சூரியனில் காந்தக் கோடுகள் அறுந்து இணையும்போது பொருள் வீசப்படுவதைப் போன்றது இது என்று அதை ஆராய்ந்தவர்கள் விளக்கினார்கள். அந்தக் கருந்துளை சுமார் 3 கோடி சூரிய நிறை மட்டுமே உடையது, எடிங்டன் வரம்புக்கு வெகு கீழே ஒளிர்வது. எல்லா மண்டலங்களிலும் ஒரே விசைதான் வேலை செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறு என்றே எனக்குத் தோன்றுகிறது.

காற்று ஆண்டுக்கு இத்தனை சூரிய நிறையைச் சுமந்து செல்கிறது என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

இங்குதான் மிகுந்த கவனம் தேவை. நிறை ஓட்டம் நான்கு அளவுகளின் பெருக்கல்: வேகம், பார்வைக் கோட்டில் குவிந்துள்ள வாயுவின் அளவு, கருந்துளையிலிருந்து வாயு இருக்கும் தூரம், காற்று எல்லாத் திசைகளிலும் எவ்வளவு பங்கை நிரப்புகிறது என்பது. முதலாவது நன்கு தெரியும். இரண்டாவது கோட்டின் ஆழத்திலிருந்து கிடைக்கும். ஆனால் ஒளி மூலத்திலிருந்து இவ்வளவு வேகமாக விலகும் வாயு, சார்பியல் விளைவால் தன் மேல் விழும் ஒளியை மங்கலாகவே உணர்கிறது என்பதால், இருப்பதைவிடக் குறைவாக மதிப்பிட்டுவிட வாய்ப்புண்டு.

தூரத்தை நேரடியாக அளக்க வழியில்லை. அந்த வேகம் ஈர்ப்பிலிருந்து விடுபடப் போதுமானதாக இருக்கும் மிக நெருங்கிய இடத்தைக் கீழ் எல்லையாகக் கொள்வார்கள். 100 கோடி சூரிய நிறைக் கருந்துளைக்கு, ஒளிவேகத்தின் கால்பங்கில் செல்லும் காற்று என்றால், அந்த இடம் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல் சுமார் 300 மடங்கு. கோடு எத்தனை விரைவாக மாறுகிறது என்பது மேல் எல்லையைக் காட்டும். இரண்டுக்கும் இடையில் பல மடங்கு இடைவெளி விழுவது சாதாரணம். நான்காவது அளவு, பிடிஎஸ் 456-ல் கிடைத்ததைப் போன்ற ஒளிமேடு இல்லாவிட்டால் ஊகம் மட்டுமே.

இதனால்தான் ஒரே குவேசாருக்கு 2015-ல் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சூரிய நிறை என்றும், 2025-ல் 60 முதல் 300 வரை என்றும் மதிப்பீடுகள் வந்தன. இரண்டாவதை எடுத்துக்கொண்டால் வியப்பான ஒன்று தெரிகிறது. விழும் நிறையில் பத்தில் ஒரு பங்கு ஒளியாக மாறுகிறது என்ற வழக்கமான கணிப்பின்படி, பிடிஎஸ் 456 இவ்வளவு ஒளி வீச ஆண்டுக்கு சுமார் 18 சூரிய நிறை உள்ளே விழுந்தால் போதும். அதைவிடப் பல மடங்கு வாயு வெளியேறுகிறது என்றால், இது நெடுங்காலம் நீடிக்கும் நிலையாக இருக்க இயலாது. செய்திகளில் வேகத்தையும் ஆற்றலையும் ஒரே உறுதியோடு சொல்லிவிடுகிறார்கள். வேகம் அளவீடு, ஆற்றல் கணிப்பு என்ற வேறுபாட்டைப் படிப்பவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

இந்தக் காற்று விண்மீன்மண்டலத்தையே மாற்றிவிடும் என்கிறார்களே, ஏன்?

10,000 கோடி சூரிய நிறை கொண்ட ஒரு விண்மீன்மண்டலத்தின் மையப் புடைப்பும், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு நிறையுள்ள கருந்துளையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கருந்துளை வளர்ந்தபோது வெளியான மொத்த ஆற்றல், புடைப்பின் விண்மீன்களையும் வாயுவையும் ஈர்ப்பால் பிணைத்து வைத்திருக்கும் ஆற்றலைப் போல் 200 மடங்குக்கும் மேல். அதில் மிகச் சிறு பங்கு வாயுவில் சேர்ந்தாலும், விண்மீன்கள் பிறக்கத் தேவையான குளிர்ந்த வாயு சூடேறும் அல்லது வெளியேறும். கருந்துளையின் நிறையும் அதைச் சூழ்ந்த புடைப்பில் விண்மீன்கள் ஓடும் வேகமும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதை, இப்படிப்பட்ட காற்றைக் கொண்டு ஆண்ட்ரூ கிங் 2003-ல் விளக்கினார். ஒளி ஆற்றலில் ஒரு சதவீதத்துக்கும் குறைந்த பங்கிலிருந்து ஐந்து சதவீதம் வரை காற்றில் இருந்தால் போதும் என்பது பல மாதிரிகளின் கணிப்பு.

அந்த இணைப்பை ஒரே மண்டலத்தில் நேரடியாகப் பார்க்க முயன்றது, ஐராஸ் எஃப்11119+3257 பற்றிய 2015-ஆம் ஆண்டு ஆய்வு. சுசாகு செயற்கைக்கோள் மையத்தில் ஒளிவேகத்தின் கால்பங்கில் வீசும் காற்றைக் கண்டது. ஹெர்ஷெல் என்னும் அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கி அதே மண்டலத்தில் விநாடிக்கு சுமார் 1,000 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறும் மூலக்கூறு வாயுவைக் கண்டிருந்தது. உள்ளிருந்து வரும் காற்று மோதி, சூடான குமிழியாக ஊதி, வெளியே உள்ள குளிர்ந்த வாயுவைத் தள்ளுகிறது என்ற கருத்துக்கு அது வலுவான சான்றாயிற்று.

அப்படியானால் பிடிஎஸ் 456 இந்நேரம் தன் வாயுவை எல்லாம் துடைத்தெறிந்திருக்க வேண்டுமே?

இதுதான் இப்போது எல்லோரையும் குழப்பும் கேள்வி. எக்ஸ்ரிசம் குழுவின் கணக்குப்படி, பிடிஎஸ் 456-ன் மையக் காற்றின் ஆற்றல், விண்மீன்மண்டல அளவில் காணப்படும் வெளியோட்டங்களின் ஆற்றலைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். ஆனால் அல்மா ரேடியோ தொலைநோக்கி வரிசை அதே குவேசாரில் கண்ட மூலக்கூறு வாயு வெளியோட்டம், முந்தைய விடையில் சொன்ன குமிழி தள்ளியிருந்தால் இருக்க வேண்டிய வலுவில் இல்லை.

இரண்டு விளக்கங்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. ஒன்று, காற்று திரள்களாக இருப்பதால், அடர்ந்த வாயுவை மோதாமல், அடர்த்தி குறைந்த இடைவெளிகள் வழியாகவே மண்டலத்தை விட்டுப் போய்விடுகிறது. மற்றொன்று, காற்று எப்போதும் வீசுவதில்லை. குவேசாரின் வாழ்நாளில் அவ்வப்போது சிறிது காலம் வீசி ஓய்கிறது, நாம் அதன் உச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உள்ளே விழுவதைவிட அதிகமாக வெளியேறுகிறது என்ற கணக்கு இந்த இரண்டாவதோடு நன்றாக ஒத்துப்போவதால், நான் அதன் பக்கம் சாய்கிறேன். இரண்டும் சேர்ந்தே உண்மையாக இருக்கவும் தடையில்லை. இவற்றைப் பிரித்தறிய, ஒரே குவேசாரைத் திரும்பத் திரும்பப் பல ஆண்டுகள் ரிசால்வ் கருவியால் நோக்கித் திரள்கள் வருவதையும் போவதையும் எண்ண வேண்டும். ஒளிர்வு மிக்க வேறு சில குவேசார்களிலும் இதே கூறுபட்ட வேகங்கள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். தொலைவிலுள்ள மங்கலான குவேசார்களுக்கு எக்ஸ்ரிசத்தின் ஆடிப்பரப்பு போதாது. அதற்கு 2030-களின் பிற்பகுதியில் ஏவுவதற்கு ஐரோப்பிய விண்வெளி முகமை திட்டமிட்டுள்ள நியூஅதீனா என்னும் எக்ஸ் கதிர் ஆய்வகம் தேவைப்படும்.